வரலாற்றுப் பாடத்தை மாணவர் கையில் கொடுப்பது எப்படி: புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியேற்ற முதல் ஆண்டில், எட்டாம் வகுப்பின் ‘மக்களின் புரட்சி’ பாடத்தை மாணவர்களே நடத்தட்டும் என்று முடிவு செய்தேன். 52 பேரை ஆறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பகுதியாகக் கொடுத்து, படித்து விவாதித்து வந்து சொல்லுமாறு கேட்டேன். ஒவ்வொரு குழுவிலும் நன்றாகப் படிக்கும் ஒரே ஒருவர் பாடநூல் வரிகளை அப்படியே தாளில் எழுத, மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் இருமுறை வாசலில் வந்து நின்றார். நான்கு பாடவேளைகள் செலவாயின. அடுத்து வந்த தேர்வில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் கயத்தாறு என்பதைக்கூடப் பாதிப் பேர் எழுதவில்லை. அதன்பின் மூன்று மாதம் நான் பழையபடி கரும்பலகையில் குறிப்பு எழுதிப் போட்டு நடத்தினேன்.

மாணவர் மையக் கற்பித்தல் என்றால் ஆசிரியர் ஒதுங்கி நிற்பது என்று நான் எண்ணியிருந்தேன். என் பிழை அதுதான். இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை கூடுகிறது, ஆனால் அந்த வேலை வகுப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒரு சிறிய ஆதாரம், விடை தேடத்தக்க ஒரு கேள்வி, ஒரு பாடவேளை என்ற இந்த மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டால் 50 பேர் உள்ள வகுப்பிலும் பிள்ளைகள் தாமே சிந்திக்கிறார்கள். அதற்கு நான் கண்ட வழியைக் கீழே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியின் நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. ஜூன் மாதத்திலேயே பாடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்

எல்லாப் பாடத்தையும் இந்த முறையில் நடத்த முயலாதீர்கள். பாடப்பகுதி முடியாது, முடியவில்லை என்ற அச்சத்திலேயே நீங்கள் முறையைக் கைவிட்டுவிடுவீர்கள். ஒரு வகுப்புக்கு ஓர் ஆண்டில் ஐந்து பாடவேளைகள் போதும். ஏழாம் வகுப்பில் முதல் பருவத்தின் முதல் பாடமே இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்களைப் பற்றியது. இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அதே பருவத்தில் பிற்காலச் சோழர் பாடம் வருகிறது. எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகைப் பாடத்தில் ஆனந்தரங்கர் நாட்குறிப்பு இடம்பெறுகிறது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்தவற்றைத் தமிழில் எழுதி வைத்த ஒருவரின் சான்று அது. அதே வகுப்பின் மக்களின் புரட்சிப் பாடத்தில் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த எழுச்சி உள்ளது. தலைப்பாகையில் தோல் சின்னம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற புதிய விதிகள் மட்டுமே காரணமா, கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்ததும் சேர்ந்ததா என்று எடுத்துப் பேச அது இடம் தருகிறது.

பத்தாம் வகுப்பில் மட்டும் காலத்தைக் கறாராக வையுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன் மூன்று பாடவேளைகள், அரையாண்டுக்கு முன் ஒன்று, அதன்பின் ஒன்றும் வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகளின் நெருக்கடியில் புதிதாக எதைத் தொடங்கினாலும் மாணவர்களே விரும்பமாட்டார்கள்.

2. தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்

வகுப்பில் ஓசை எழுந்தபின் விளக்கம் சொல்வது கடினம். முன்பே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுவது எளிது. எந்தெந்த வகுப்பு, எந்தெந்தப் பாடம், எந்த வாரம், அதற்கு ஈடாக மீதிப் பாடப்பகுதியை எப்போது முடிப்பீர்கள் என்ற நான்கு செய்திகளும் அதில் இருக்கட்டும். உங்கள் பாடக்குறிப்பேட்டில் அந்தந்தப் பாடத்துக்குரிய கற்றல் விளைவைப் பாடநூலில் உள்ளபடி எழுதி, அதற்குக் கீழே செயல்பாட்டை எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் கேட்பது பாடக்குறிப்பேட்டைத்தான். அதில் செயல்பாடு எழுதப்படாமல் வகுப்பில் மட்டும் நடந்தால், நீங்கள் பாடம் நடத்தவில்லை என்று பதிவாகிவிட வாய்ப்பிருக்கிறது. எனக்கு ஒருமுறை அப்படித்தான் பதிவானது.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். முடிந்தால் விளையாட்டு வகுப்போ ஓவிய வகுப்போ பக்கத்தில் நடக்கும் பாடவேளையாகக் கேட்டு வாங்குங்கள்.

3. முதல் பாடத்தைப் பள்ளிச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டு ஒன்று சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு அனுமதி வேண்டாம், கட்டணம் இல்லை, பேருந்து வேண்டாம். ஜூன் மாத இரண்டாம் வாரத்தில் மாணவர்களை அதன் முன் நிறுத்தி, அதிலுள்ளதை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கல் நமக்கு எதையெல்லாம் உறுதியாகச் சொல்கிறது? யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை?

எங்கள் பள்ளிக் கல்லில் அமைச்சர் பெயர், மாவட்ட ஆட்சியர் பெயர், ஒப்பந்ததாரர் பெயர், திறந்த நாள் ஆகியவை இருந்தன. நிலம் கொடுத்தவர் பெயர் இல்லை. செங்கல் சுமந்த ஒரு பெண்ணின் பேத்தி அந்த வகுப்பிலேயே இருந்தாள். “எங்க ஆயா இங்கதான் சித்தாள் வேலை செஞ்சாங்க டீச்சர்” என்று அவள் சொன்ன பிறகு, கல்வெட்டு என்பது அதைச் செதுக்கச் சொன்னவர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதையே சொல்லும் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் பாடநூலில் மெய்க்கீர்த்தி என்ற சொல் வந்தபோது, அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னதை அப்படியே நம்பலாமா என்ற கேள்வியை ஒரு மாணவன் தானாகவே கேட்டான்.

4. ஆதார அட்டை தயாரியுங்கள்

ஆதாரம் என்றதும் பத்துப் பக்க ஆவணத்தை நகலெடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஓர் அட்டையில் ஒரே ஆதாரம், அதிகம் போனால் எட்டு வரி. பழைய தமிழில் இருந்தால் இன்றைய தமிழில் எளிமையாக்கி எழுதி, மேலே சிறிதாக எங்கே கிடைத்தது, எந்தக் காலம், எதில் எழுதப்பட்டது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள்.

நான் அடிக்கடி பயன்படுத்துவது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. எருமை மந்தையைக் காக்கும் போரில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனையும், இரண்டு கள்வரைக் கடித்து அவனருகே காவல் நின்ற கோவிவன் என்ற அவனது நாயையும் அது நினைவுகூர்கிறது. கல்லில் வீரனோடு நாயின் உருவமும் இருக்கிறது. நாய்க்குப் பெயரிட்டுக் கல் நட்டிருக்கிறார்கள் என்ற ஒரு செய்தியே 12 வயதுப் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அன்றைய ஊரில் எது செல்வம், எதற்காகச் சண்டை நடந்தது, யாரை நினைவில் வைத்தார்கள், அரசனின் ஆட்சியாண்டை ஏன் கல்லில் குறித்தார்கள் என்பவற்றை அவர்களே அந்த எட்டு வரியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

செலவைச் சொல்கிறேன். ஆளுக்கொரு நகல் எடுக்காதீர்கள். நால்வருக்கு ஓர் அட்டை என்றால் 52 பேருக்கு 13 ஜெராக்ஸ் போதும். எங்கள் ஊரில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 26 ரூபாய் ஆகிறது. அவற்றை ஒளி புகும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் மற்றப் பிரிவுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உதவும். முதல் ஆண்டு முழுவதற்கும் எனக்கு ஆன செலவு 600 ரூபாய்க்குள்தான். இதைக் கையிலிருந்து போடாமல் பள்ளி மானியத்தில் கற்பித்தல் துணைக்கருவிக்குரிய செலவாகப் பெற முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ரசீதைத் தேதியோடு வாங்கி வைத்திருந்தால்தான் அது நடக்கும். கடைக்காரர் பல நேரம் ரசீது தரமாட்டார், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அட்டைக்குரிய நூல்களைத் தமிழ் மின் நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கல்வெட்டுத் தொகுதிகள் பல அங்கே உள்ளன. சமூக ஊடகங்களில் சுற்றும் ‘கல்வெட்டுச் செய்தி’ எதையும் அட்டையாக்காதீர்கள். எந்தத் தொகுதி, எந்தக் கோயில் என்று தெரியாத செய்தியை ஒருமுறை அட்டையில் ஏற்றிவிட்டால், ஆதாரம் கேட்கச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பிலேயே ஆதாரமில்லாத ஒன்றைக் கற்பித்தவர்களாகிவிடுவோம்.

5. கேள்வியை அமைப்பதற்கு அதிக நேரம் செலவிடுங்கள்

அட்டை தயாரிக்க ஒரு மணி நேரம் ஆனால், கேள்விக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். “சோழர் ஆட்சியைப் பற்றி விவாதிக்க” என்பது கேள்வியாகாது. அதற்கு மாணவர் பாடநூலைத்தான் பார்த்து எழுதுவர். அட்டையைப் படித்தால்தான் விடை சொல்ல முடியும், ஆனால் அட்டையில் விடை நேரடியாக இருக்கக்கூடாது. இந்த இரண்டும் பொருந்தும் கேள்வி வேண்டும்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (ஊர்ப் பிரிவுகளிலிருந்தும்) பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினராக 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும் (வேலி என்பது ஒரு நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அதில் பாதியான அரைக்கால் வேலியே உடையவராயினும் கூடுதலான வேதப் புலமை இருந்தால் ஏற்றுக்கொண்டார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்கள்.

முதலில் நான் கேட்ட கேள்வி “குடவோலை முறையின் சிறப்புகள் யாவை?” என்பது. எல்லாக் குழுவும் ஒரே விடையை எழுதின. அடுத்த ஆண்டு கேள்வியை மாற்றினேன். ஆறு சிறு துண்டுத் தாள்களில் ஆறு பேரை எழுதினேன்: நிலமுள்ள 28 வயது இளைஞர்; கால் வேலிக்கு மேல் நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய 50 வயதுக்காரர்; அரைக்கால் வேலி மட்டும் உடைய புலவர்; நிலமில்லாத உழவர்; வீடும் நிலமும் உடைய ஒரு கைம்பெண்; சென்ற முறை ஏரி வாரியத்தில் இருந்து கணக்குக் கொடுக்காதவரின் தம்பி. இவர்களில் யார் பெயர் குடத்துக்குள் போகும், யார் பெயர் போகாது, அட்டையின் எந்த வரியைக் கொண்டு சொல்கிறீர்கள் என்பதே கேள்வி.

வகுப்பின் தன்மையே மாறிப்போனது. கணக்குக் கொடுக்காதவரின் தம்பியைத் தள்ளுவது நியாயமா என்று ஒரு குழு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. கைம்பெண்ணைப் பற்றி அட்டையில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லாததையும் நாம் படித்தறிய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. இது பிராமணர் குடியிருப்பான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதையும், ஊரிலிருந்த எல்லாருக்கும் உரிய வாக்குரிமையாக இதை எண்ணக்கூடாது என்பதையும் அந்த இடத்தில்தான் சொன்னேன். கணக்கு ஒப்படைக்காதவருக்கு மீண்டும் பொறுப்பில்லை என்ற விதியின் மேன்மையும், நிலமும் கல்வியும் இல்லாதவருக்கு இடமில்லை என்ற வரம்பும் சேர்ந்தே அவர்கள் மனத்தில் பதிந்தன. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை என்றிருந்ததை இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள் என்ற கேள்வியை விரைவாக முடித்த குழுக்களுக்கென்று தனியாக வைத்திருங்கள்.

6. 40 நிமிடத்தைப் பங்கிடுங்கள்

எங்கள் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசுங்கள்: காலம், இடம், கடினச் சொற்கள். அடுத்த ஏழு நிமிடம் அட்டையை வாய்திறக்காமல் படிப்பதற்கு. இதை விட்டுவிட்டால் பேசத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். பன்னிரண்டு நிமிடம் நால்வர் குழுவில் பேச்சு. பத்து நிமிடம் குழுக்கள் சொல்வதைக் கரும்பலகையில் நீங்கள் எழுதுவதற்கு. கடைசி ஆறு நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக ஐந்து வரி எழுதுவதற்கு. இந்த ஆறு நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் விடையாக மாறுவது அந்த ஐந்து வரிதான்.

குழு நால்வருக்கு மேல் போகக் கூடாது. மேசையை நகர்த்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். முன் வரிசையில் இருவர் திரும்பி உட்கார்ந்தால் குழு அமைந்துவிடும். எல்லாக் குழுக்களையும் முன்னால் வந்து பேசச் சொல்லாதீர்கள். மூன்று குழு சொல்லட்டும். மற்றவர்கள் சொல்லாத ஒன்று இருந்தால் மட்டும் எழுந்து சொல்லட்டும்.

7. வாசிக்கத் தடுமாறுகிறவர்களை முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்

ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தனிக் குழுவாக உட்காரவைப்பது பெரும் பிழை. அந்த ஒரு முடிவில் அவர்கள் ஆண்டு முழுவதும் வாய் திறக்காமல் போய்விடுகிறார்கள். குழுவுக்கு ஓர் அட்டையோடு ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நடுகல்லின் படம், பழைய காசு, பானை ஓட்டுக் கீறல், பள்ளியின் பழைய குழுப் புகைப்படம் போன்றவற்றை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள். கோவிவனின் வால் நிமிர்ந்திருப்பதைக் கண்டு சொன்னவன் எங்கள் வகுப்பில் சொந்தப் பெயரைப் பிழையின்றி எழுதத் தடுமாறியவன்.

8. வீட்டில் கேட்டு வரச் சொல்லும் கேள்வியில் மிகுந்த கவனம் தேவை

வாய்மொழி வரலாறு எளிது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் முதலில் கொடுத்த கேள்வி “உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார்?” என்பது. மறுநாள் மூன்று பிள்ளைகள் எழுதி வரவில்லை. ஏன் என்று வகுப்பிலேயே கேட்டேன். அவர்கள் தலைகுனிந்து நின்ற பிறகுதான், தாத்தாவின் தொழிலைக் கேட்பது நம் ஊரில் சாதியைக் கேட்பதுதான் என்பது எனக்கு உறைத்தது. அதைவிடப் பெரிய பிழை அடுத்த மாதம் செய்தேன். ஒரு மாணவி, தன் ஆயாவைப் பள்ளியில் தனியாக உட்காரவைத்ததைப் பற்றி மிக நன்றாக எழுதியிருந்தாள். பாராட்டும் எண்ணத்தில் அதைப் பெயரோடு வகுப்பில் படித்துவிட்டேன். அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுதியது வரலாறு. ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கும் அவள் ஆயாவுக்கும் மட்டுமே இருந்தது.

ஆகவே தொழில், சாதி, நிலம், திருமணம் ஆகியவற்றைத் தொடாத கேள்வியாகக் கொடுங்கள். நான் இப்போது கொடுப்பது “பள்ளியில் உங்களுக்கு என்ன சாப்பாடு கிடைத்தது?” என்ற ஒன்று. தாத்தா அல்லது பாட்டி, அப்பா அல்லது அம்மா, பிறகு மாணவர் என்று மூன்று தலைமுறையின் விடையை வாங்கி வரட்டும். பள்ளிக்கே போகாதவர்கள் இருந்தால் அதையும் அப்படியே எழுதலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வகுப்பில் அவற்றை அடுக்கிப் பார்த்தால், சிலர் மதிய உணவு காமராசர் கொண்டுவந்தது என்பார்கள், சிலர் எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது என்பார்கள். இரு தரப்பும் உறுதியாக வாதிட்ட பின், 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்ற மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் காலக்கோடாக வரையுங்கள். சொன்னவர்களின் வயதை அதன்மேல் பொருத்தினால் இருவர் நினைவும் சரி என்பது அவர்களுக்கே விளங்கும். காலக்கோடு வரைவது தேர்வுக்கும் உதவும் திறன். இப்படி வரைந்தவர்கள் அதை மறப்பதில்லை.

எழுதி வந்த தாள்களில் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். யார் எழுதியதையும் அவரைத் தனியாகக் கேட்காமல் உரக்கப் படிக்காதீர்கள். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஆதாரமாகக் காட்டலாமே என்று தோன்றும். அதில் சாதி எழுதப்பட்டிருக்கும் என்பதால் மாணவர் கைக்கு அது போகவே கூடாது.

9. ‘எங்கள் ஆள்’ என்ற பேச்சு எழும்போது

சோழரோ பாண்டியரோ பாளையக்காரரோ, எந்தப் பாடமானாலும் அந்த வீரர் எங்கள் சாதிக்காரர் என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். அதட்டி அடக்கினால் பேச்சு பள்ளிக்கு வெளியே போய்ச் சண்டையாக மாறும். நானும் ஒரு பக்கம் சேர்ந்து விடை சொல்லக்கூடாது. அதை எங்கே படித்தாய், அந்த ஆதாரம் அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதா, எத்தனை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டதா, எழுதியவர் யார் என்ற கேள்விகளை இரு தரப்பிடமும் ஒரே குரலில் கேளுங்கள். பெரும்பாலும் சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் பார்த்ததாகவே சொல்வார்கள். சுவரொட்டி என்பது அச்சடிக்கப்பட்ட காலத்தைப் பற்றிய ஆதாரம் என்று சொல்லிப் பாடத்துக்குத் திரும்பிவிடலாம். பதற்றம் இருக்கும் ஊரானால், அந்தப் பாடத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கலந்து பேசுங்கள்.

10. வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமானால்

ஆண்டுக்கு ஒருமுறை போதும், அதுவும் அரைநாளில் போய்த் திரும்பும் இடமாக இருக்கட்டும். எங்கள் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு நடுகல் இருந்ததால் நான் அதைத் தேர்ந்தேன். மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல் வாரம் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம்: நாள், இடம், நேரம், மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள். மேலதிகாரிகளின் அனுமதி வேண்டுமா என்பதைத் தலைமையாசிரியர் சொல்வார். வேண்டுமென்றால் அந்தக் கடிதம் கையில் வராமல் வாகனத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்து 1,500 ரூபாய் இழந்தேன். இரண்டாம் வாரம் பெற்றோர் ஒப்புதல் கடிதம். கையெழுத்தோடு கைப்பேசி எண்ணும், பிள்ளைக்கு ஏதேனும் உடல்நலக் குறை உண்டா என்ற வரியும் அதில் இருக்கட்டும். மூன்றாம் வாரம் நீங்கள் மட்டும் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்: நிழல், குடிநீர், கழிப்பறை. மாணவிகள் இருந்தால் உடன் வருபவர்களில் பெண் ஆசிரியர் கட்டாயம்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளி அடையாள அட்டையை அணிந்து வரச் சொல்லுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; எந்த அருங்காட்சியகமானாலும் விடுமுறை நாளை விசாரித்த பிறகே விண்ணப்பத்தில் நாளை எழுதுங்கள்.

நடுகல் பல ஊர்களில் வேடியப்பனாக வழிபடப்படும் தெய்வம். ஊர்ப் பெரியவரிடமும் பூசாரியிடமும் முன்பே கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் காட்டிய தொலைவில் நில்லுங்கள். எழுத்துத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்க மாணவரை விடாதீர்கள். கல் கெடும், ஊராரின் மனமும் புண்படும். காலை வேளையின் சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெரியும், அதனால் ஒன்பது மணிக்குள் அங்கே இருங்கள்.

11. மதிப்பெண்ணும் கோப்பும்

ஏழாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதிக்கு இந்த ஐந்து வரித் தாள்களையே பயன்படுத்தலாம். ஐந்து மதிப்பெண்ணில், அட்டையிலிருந்து சான்று காட்டியதற்கு இரண்டு, அதற்குக் காரணம் சொன்னதற்கு இரண்டு, ஆதாரம் சொல்லாத ஒன்றைக் கவனித்ததற்கு ஒன்று என்று பிரித்து, இந்தப் பிரிவை மாணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழைக்கு இங்கே மதிப்பெண் குறைக்காதீர்கள். 52 தாளைத் திருத்த எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரே வாரத்தில் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டால் தாள்கள் தேங்கிவிடும்.

தாள்களைப் பாடவாரியாகக் கட்டி, ஆதார அட்டை ஒன்றையும் பாடக்குறிப்பின் நகலையும் மேலே வைத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பணி மாறுதல் வந்தால் அந்தக் கோப்பை அடுத்து வருபவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். எந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே விடையை எழுதினார்கள், எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது என்பதை முதல் பக்கத்தில் தெளிவாக எழுதி வையுங்கள்.